பை லிஃப்டில், ஆள் படியில்

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். முதல் ஆள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, நின்றுபோன லிஃப்டுக்குள். இரண்டாம் ஆள் அவரை மீட்க வந்த லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடிக்கும் மேலே, மெஷின் ரூமின் ஓட்டையில், இடுப்புக்கு மேலே உள்ளே, இடுப்புக்குக் கீழே வெளியே.

லிஃப்ட் நடுவழியில் நின்றால் மெஷின் ரூமுக்குப் போய், மோட்டாரின் பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தை மெல்லச் சுற்றி, கேபினை ஏதாவது ஒரு மாடி வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். மற்ற கட்டடங்களில் அந்த அறைக்கு மனுஷன் நுழைகிற மாதிரி ஒரு கதவு இருக்கும். இந்தப் பழைய கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் கதவில் மிச்சம் பிடித்திருந்தார். சுவரில் ஓர் இரும்பு ஏணி, அதன் உச்சியில் இரும்புச் சட்டம் போட்ட சதுர ஓட்டை, அவ்வளவுதான். பல வருஷமாக அந்த ஓட்டை வழியே அணில் மாதிரி போய்வந்தவர் நம் மெக்கானிக். ஓட்டை அப்படியேதான் இருந்தது. அணில்தான் அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் அவர் தொங்கிக்கொண்டிருந்தபோது, இரும்புக் கயிறுகள் இறங்கும் துவாரம் வழியாகச் செயலாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மேலே வந்தது. ஒரு பெரிய அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். இருட்டில் மாட்டிக்கொண்டாலும் வாக்கியத்தைப் பாதியில் விடமாட்டார். பராமரிப்பு என்றால் என்ன, பொறுப்புணர்வு என்றால் என்ன என்று அவர் விளக்கிக்கொண்டிருக்க, நம்மவர் மோட்டாரை எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் கையை நீட்டியபடி, "வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாதிதான் உண்மை. மேல்பாதி.

ஊரின் மறுகோடியிலிருந்து கூட்டாளி மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்து, வாட்ச்மேனும் அவருமாக ஆளுக்கொரு காலைப் பிடித்துக் கீழே இழுத்த பிறகுதான் ஓட்டைக்கு விடுதலை கிடைத்தது. அந்தக் கூட்டாளியின் பட்டப்பெயர் 'கயிறு'. ஆள் அப்படி. ஏணியில் ஏறி, ஓட்டைக்குள் கடுதாசியைப் பெட்டியில் போடுவதுபோல் தன்னைப் போட்டுக்கொண்டு, கண்ணிமைப்பதற்குள் செயலாளரைக் கரைசேர்த்துவிட்டார்.

நம் மெக்கானிக்குக்கும் கம்பெனியில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'ஃபுல் லோடு'. அது வெறும் கிண்டலுக்கு வந்த பெயர் இல்லை. தொழில் கொடுத்த பெயர். ஒவ்வொரு லிஃப்டிலும் அளவுக்கு மேல் ஆள் ஏறினால் அலறுகிற மணி ஒன்று இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, அரசாங்க ஆய்வாளர் முன்னிலையில், இரும்புக் கட்டிகளை கேபினுக்குள் அடுக்கி அந்த மணி சரியாக அலறுகிறதா என்று பார்ப்பார்கள். கம்பெனியிடம் இருந்த கட்டிகள் காலப்போக்கில் குறைந்துபோயின. ஒன்று சூப்பர்வைசர் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தது; ஒன்று வேனின் சக்கரத்துக்கு அண்டக்கொடுத்தது; மற்றவை எங்கே போயின என்று கேட்பது நாகரிகம் இல்லை. அதனால் இருக்கிற கட்டிகளை அடுக்கிவிட்டு, கடைசிக் கட்டியாக நம்மவரை ஏறச் சொல்வார்கள். அவர் ஏறுவார், மணி அலறும், ஆய்வாளர் கையெழுத்துப் போடுவார். வருஷா வருஷம் பிசகாமல் நடந்துவந்த ஏற்பாடு.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். ஓட்டைக்குள் போக முடியாத மெக்கானிக்கால் கம்பெனிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டார். இந்தக் கட்டடத்தின் வருஷ ஆய்வு வருவதற்குள் அந்த ஓட்டைக்குள் போய்க் காட்ட வேண்டும், இல்லையென்றால் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிற வேலைக்கு மாற்றம் என்றார். சம்பளம் குறையாது என்பதையும் தாராள மனதோடு சொன்னார்.

"அந்த நாற்காலி நல்ல அகலம்தான். கவலைப்படாத" என்றார் கடைசியாக.

சம்பளம் குறையாதுதான். ஆனால் நம்மவருக்குக் கௌரவம் என்று ஒன்று இருந்தால், அது மெஷின் ரூமில்தான் இருந்தது. கிரீஸ் வாசனையும் மோட்டாரின் முனகலும் அவருக்கு வீட்டுச் சத்தம் மாதிரி. முப்பது குடும்பம் ஏறி இறங்குவது தன் ஒரு கை சொல்படிதான் என்கிற ராஜ மிதப்பு அந்த அறையில் மட்டும் அவருக்குக் கிடைக்கும். புகார் போனில் கிடைப்பது திட்டு. அதையும் உட்கார்ந்தபடி வாங்க வேண்டும்.

ஆகவே எடையைக் குறைப்பதென்று முடிவு செய்தார். முடிவு செய்வதில் அவருக்கு அனுபவம் ஜாஸ்தி.

முதல் திட்டத்தைக் கொண்டுவந்தது மச்சினன். மனைவியின் தம்பி. தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி, காலிமனை, காந்தப் படுக்கை என்று வரிசையாக விற்று, எல்லாவற்றிலும் உறவினர்களை மட்டுமே வாடிக்கையாளராகக் கண்டவன். இப்போது டப்பாவில் மாவு. வேளைக்கு ஒரு கரண்டி கலக்கிக் குடித்தால் போதும், சாப்பாடே வேண்டாம் என்றான். ஒரே ஆளின் முன்-பின் படம் காட்டினான். பின் படத்தில் ஆளுக்கு எடையோடு சேர்த்து மச்சமும் காணாமல் போயிருந்தது. "மாமா, நம்ம குடும்பத்துக்குன்னா தனி விலை" என்றான். தனிதான். மளிகைக்கென்று வைத்திருந்ததில் பாதி ஒரே டப்பாவில் கரைந்தது. நம்மவர் விசுவாசமாகக் குடித்தார். குடித்த பிறகு, வீட்டில் சமைத்ததை வீணாக்கக் கூடாதே என்று சாப்பாட்டையும் சாப்பிட்டார். டப்பாவோடு இலவசமாக வந்த எடை பார்க்கும் மெஷின், தினமும் காலையில் அவருக்குக் கெட்ட செய்தி சொன்னது.

அடுத்தது உடற்பயிற்சிக் கூடம். வருஷச் சந்தாவை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினார். அது பெரிய செய்தி என்பதால் கம்பெனியில் எல்லோருக்கும் அறிவித்தார். மூன்றாம் நாள் ஓடுகிற மெஷினில் பெல்ட்டு நழுவியது. கூடம் நடத்துகிறவர் கையைப் பிசைவதைப் பார்க்கச் சகிக்காமல் இவர் கீழே படுத்துச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மெஷின் சரியானால் இன்னொன்று கெட்டது. மற்றவர்கள் மேலே நின்று இளைத்துக்கொண்டிருக்க, இவர் அடியில் படுத்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். பணம் கட்டி வேலை பார்த்த மெக்கானிக் சரித்திரத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மூன்றாவது, செல்போனில் பேசும் ஒரு ஆலோசகரின் பட்டினித் திட்டம். அதற்குச் செலவே இல்லை என்பதுதான் கவர்ச்சி. இரண்டாம் நாள் பட்டினியில், கேபினின் தலைமேல் நின்று கயிறுகளுக்கு எண்ணெய் விடும்போது, கையில் இருந்த ஸ்பேனர் தானாக ஆடியது. ஸ்பேனர் ஆடவில்லை, கைதான் ஆடுகிறது என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. கீழே ஆறு மாடி ஆழம். வேலையை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை யாருக்கும் அறிவிக்கவில்லை. அன்றைக்குக் கூட வேலைக்கு வந்திருந்த கூட்டாளி கயிறுதான் அவருடைய வீட்டில் வந்து போட்டுக்கொடுத்தார்.

மெக்கானிக்கின் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, தெருவில் பாதிப் பேருக்குத் தைப்பவள். மனுஷர்களின் சுற்றளவு விஷயத்தில் அவளிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. கணவரின் யூனிஃபார்ம் பேண்டை வருஷா வருஷம் பிரித்து விட்டுக்கொண்டே வந்தவள். விஷயத்தைக் கேட்டதும் திட்டவில்லை. ஒரு பேண்டை எடுத்துவந்து உள்பக்கம் திருப்பி அவர் மடியில் போட்டாள். தையல் ஓரத்தில் ஒரு நூல் அளவு துணிகூட மிச்சமில்லை.

"இனி பிரிச்சு விட இதுல துணி இல்ல. கீழ விழுந்தா பிரிச்சு விட உங்ககிட்டயும் ஒண்ணும் இல்ல" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, தனக்கு அறுபத்தெட்டு கிலோ ஆக வேண்டும் என்று கம்மிய குரலில் சொன்னார். அறுபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டில் எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ என்று எழுதியிருக்கும். வகுத்தால் ஆளுக்கு அறுபத்தெட்டு. அந்தக் கணக்கில் நான் ஒரு ஆளாக இல்லை, ஒன்றரை ஆளாக இருக்கிறேன் என்றார். தகட்டை எழுதினவனுக்குத் தைக்கத் தெரியாது, ஒரே அளவில் எட்டுப் பேரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை என்று அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"அந்த ஓட்டை வழியா போகணும். அதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும். ஓட்டை என்ன அளவு?"

மறுநாள் அவர் இரும்புச் சட்டத்தை அளந்துகொண்டு வந்தார். அவள் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் அதே அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி எடுத்துவிட்டு, சட்டத்தை அவர் தலைவழியாக மாட்டினாள். அட்டை மார்பைத் தாண்டி வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. இலவச எடை மெஷினைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். இனி அட்டைதான் கணக்கு.

திட்டத்தையும் அவளே சலித்தாள். எதை எடுத்தாலும் இரண்டே கேள்வி: மாசக் கடைசியில் கை வறண்டிருக்கும்போது இதைச் செய்ய முடியுமா? பத்து வருஷம் கழித்தும் முகம் சுளிக்காமல் இதைச் செய்வீர்களா? மாவு முதல் கேள்வியில் விழுந்தது. பட்டினி இரண்டாவதில் விழுந்தது. உடற்பயிற்சிக் கூடம் இரண்டிலும் விழுந்து, சந்தாவையும் இழுத்துக்கொண்டு போனது. திட்டங்கள் எல்லாம் விழுந்த பிறகு, அவர் ஒரு நாள் முழுக்க என்னென்ன வாயில் போடுகிறார் என்று விசாரணை நடந்தது. குற்றவாளி சாப்பாட்டுத் தட்டில் இல்லை, வழியில் இருந்தான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட்காரருக்கு ஒரு டீ வரும். மரியாதை தெரிந்தவர்கள் சர்க்கரையை மரியாதைக்கேற்பப் போடுவார்கள். கூடவே பிஸ்கட்டோ பன்னோ வரும். மறுப்பது மரியாதை இல்லை என்பது நம்மவர் கொள்கை.

முடிவான திட்டத்தில் புதிதாக வாங்க வேண்டியது ஒன்றுமே இல்லை. டீயில் சர்க்கரை கிடையாது, பன் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் என்ன சமைக்கிறாளோ அதேதான் அவருக்கும், ஆனால் தட்டில் பாதி காய்கறி. கடையில் அன்றைக்கு எது மலிவோ அந்தக் காய். பசித்தால் ஒரு அவித்த முட்டை. வாரத்தில் ஒருநாள் பிடித்ததைக் கேட்டுச் சாப்பிடலாம், ஒரு தட்டோடு. கடைசியாக ஒன்று. அதை முன்வைத்தவர் அவரே: எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஏறுவது இறங்குவது எல்லாம் படியில்தான்.

"லிஃப்ட் மெக்கானிக் படி ஏறுறதா?" என்று கேட்டு அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், இரண்டு கேள்விக்கும் இது தாங்கும் என்று ஒத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை அவர் போட்டார். யாருக்கும் சொல்லக் கூடாது. முந்தைய திட்டங்கள் எல்லாம் ஊர்வலம் போல் கிளம்பி, பிறகு அதே தெரு வழியாகத் திரும்பி வந்தவை. ஒவ்வொரு தடவையும், "என்ன ஃபுல் லோடு, மாவு என்ன சொல்லுது" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

படி ஏறுவது முதல் வாரம் ஒரு கொடுமை. இரண்டாம் மாடியில் மூச்சு அவரைவிட்டுத் தனியாகப் போய்விடும். கருவிப் பை வேறு கனம். ஆகவே ஒரு உபாயம் செய்தார். பையை லிஃப்டுக்குள் வைத்து, மேல்மாடிப் பொத்தானை அமுக்கிவிட்டு, தான் படியில் ஏறுவார். பை முன்னால் போய்க் காத்திருக்கும். எல்லாக் கட்டடத்திலும் இதே ஏற்பாடு. இரண்டு மாசத்தில் மூச்சு வழிக்கு வந்தது. நான்காம் மாடி வரைக்கும் நிற்காமல் போக முடிந்தது. வீட்டில் அட்டை வயிற்றிலிருந்து ஒரு விரல், இரண்டு விரல் என்று கீழே இறங்கியது. கிழிந்த மூலைகளுக்கு அவள் டேப் ஒட்டினாள்.

இதை எல்லாம் செயலாளரின் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வேறு கோணத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்ட் கதவு திறக்கும். உள்ளே ஆள் இல்லை, பை மட்டும். கொஞ்ச நேரம் கழித்து லிஃப்ட் மெக்கானிக், அந்த லிஃப்டைக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிற மனுஷன், வியர்க்க விறுவிறுக்கப் படியில் ஏறி வருவார். பையை எடுத்து, அதில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். இதைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலில் பையை அனுப்பிப் பார்க்கிறான், பை உயிரோடு போய்ச் சேர்ந்தாலும் ஆள் ஏற மாட்டேன் என்கிறான் என்று மூன்றாம் மாடி கண்டுபிடித்தது. ஐந்தாம் மாடி அதை உறுதி செய்தது. ஒரே வாரத்தில் முழுக் கட்டடமும் படியில் நடக்க ஆரம்பித்தது. லிஃப்ட் காலியாகப் போய்க் காலியாக வந்தது.

செயலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். கீழ்த்தளத்துச் சின்ன அறையில் இருபது பேர். அதற்கு ஒரு மைக். கம்பெனி சார்பில் சூப்பர்வைசரும் நம்மவரும் வந்திருந்தார்கள். செயலாளர் எழுந்து, ஒரு பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில் என்று ஆரம்பித்தார். அந்த முறையிலேயே வெகுநேரம் பேசினார். லிஃப்டுக்குள் தாம் அனுபவித்த அந்த ஒரு மணி நேரத்தை இன்னொரு முறை முழுசாக அனுபவித்தார். சமையல்காரன் தன் சமையலைச் சாப்பிடாவிட்டால் அந்தச் சாப்பாட்டை என்னவென்று நினைப்பது என்று கேட்டார். கடைசியில், கம்பெனியின் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் தீர்மானத்தை வாசிக்கக் கண்ணாடியைத் தேடினார்.

சூப்பர்வைசரின் முகம் வெளிறிவிட்டது. நம்மவர் பக்கம் சாய்ந்து, "ஏய்யா படியில போற?" என்று பல்லைக் கடித்தார்.

நம்மவருக்கு எளிய வழி ஒன்று இருந்தது. இப்போதே லிஃப்டில் ஏறி எல்லோர் முன்னாலும் மேலே போய்விட்டு வரலாம். நாளையிலிருந்து லிஃப்டிலேயே போகலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் படி போய்விடும். படி போனால் ஓட்டை போய்விடும். அவர் எழுந்தார். மைக்கை வாங்கவில்லை.

"லிஃப்டுக்கு ஒரு குறையும் இல்லைங்க. எனக்குத்தான் எடை. அன்னைக்கு சார் உள்ள மாட்டிக்கிட்டப்ப நான் மேல ஓட்டையில மாட்டிக்கிட்டேன். திரும்ப அந்த ரூமுக்குள்ள போகணும்னு படி ஏறுறேன். பைக்கு எடை குறைய வேண்டியதில்ல, அதான் அது லிஃப்டுல போகுது."

நான்காம் மாடியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியைதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். நம்மவர் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை அது. தனக்குப் பயமாக இருந்தது போய்விட்டது என்று சிரிக்கிற சிரிப்பு. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஆசிரியை கேட்டார். எடை தெரியாது, அட்டையில் இரண்டு விரல் என்று அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் இருந்த மிடுக்கு புரிந்தது. தீர்மானத்தை யாரும் கேட்கவில்லை. செயலாளரின் கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்ததை, கூட்டம் கலைந்த பிறகு வாட்ச்மேன் சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கட்டடத்தில் சர்க்கரை போடாத டீ வந்தது. கூடவே அறிவுரை வந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு திட்டம் இருந்தது. ஒருவர் வெந்நீர், ஒருவர் விதை, ஒருவர் இடது பக்கம் படுப்பது. சொன்னவர்களில் ஒருவர்கூட இளைத்திருக்கவில்லை. நம்மவர் எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டு, இரண்டு கேள்வியில் மனசுக்குள் தள்ளிவிட்டு, படி ஏறினார்.

ஆய்வுக்கு முந்தின வாரம் அட்டை இடுப்பைத் தாண்டிக் காலடியில் விழுந்தது. இருவரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். அட்டை வளையும், டேப் ஒட்டி ஒட்டி அதன் ஓட்டை கொஞ்சம் பெருத்தும் இருக்கலாம். இரும்பு வளையாது. பேண்டைப் பிடித்துத் தைக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, இரும்பு சொல்லட்டும் என்றார். பெல்ட்டில் மட்டும் ஆணி வைத்து ஒரு ஓட்டை புதிதாகப் போட்டுக்கொண்டார்.

ஆய்வாளர் சிரிக்காத மனுஷர். கேபினுக்குள் கயிறும் மற்றவர்களும் கட்டிகளை அடுக்கி முடித்தார்கள். சூப்பர்வைசர், வழக்கம்போல, கடைசிக் கட்டியைப் பார்த்துத் தலையசைத்தார். நம்மவர் ஏறினார்.

மணி அலறவில்லை.

அவர் காலை ஒருமுறை அழுத்தி நின்றார். ஒன்றும் இல்லை. ஆய்வாளரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. மணி வேலை செய்யாத லிஃப்டுக்கு அனுமதி கிடையாது. ஓரமாக நின்ற செயலாளர், அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லத் தொண்டையைச் செருமினார். நம்மவருக்கு வேர்த்துவிட்டது. இந்த மணியைப் பொருத்தியதே அவர்தான். இறங்கி, கீழே குனிந்து, இணைப்பை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. மறுபடி ஏறினார். மறுபடியும் அமைதி. அளவைக் கொஞ்சம் திருகி வைத்தால் அலறிவிடும் என்று சூப்பர்வைசர் காதோரம் சொல்ல, நம்மவரின் கைகூட ஸ்க்ரூடிரைவரைத் தேடிப் போனது.

வாசலில் சாய்ந்திருந்த கயிறு கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், அதைத் தொடாத. மணி சரியாத்தான் இருக்கு. நீதான் கொறஞ்சிட்ட."

நம்மவர் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பல மாசமாக அவருடைய உடம்பைப் பற்றி மாவு சொன்னது, மெஷின் சொன்னது, அட்டை சொன்னது. இது அவர் தன் கையால் அளவு வைத்த மணி. அது பொய் சொல்லாது என்று ஊரில் முதலில் சத்தியம் செய்யக்கூடியவர் அவர்தான். அந்த மணி இப்போது, இந்த ஆள் அளவுக்கு மேல் இல்லை என்று, வாயைத் திறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷ வேலையில் ஒரு மெஷின் சும்மா இருப்பதைக் கேட்டு அவருக்கு நெஞ்சு விம்மியது அன்றைக்குத்தான்.

ஆய்வாளர் விஷயத்தைக் கேட்டார். கட்டிக்குப் பதில் ஆளை ஏற்றும் வழக்கத்தைப் பற்றி சூப்பர்வைசரிடம் பிறகு தனியாகப் பேச வேண்டும் என்றார். அடுத்த வருஷம் கட்டிகள் முழு எண்ணிக்கையில் வர வேண்டும் என்று எழுதியும் வைத்தார். பிறகு, இன்றைக்கு என்ன செய்வது என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். எல்லோர் பார்வையும் சுற்றிவிட்டு ஒரே இடத்தில், செயலாளரின் தொந்தியில், வந்து நின்றது.

"இதெல்லாம் முறையா?" என்றார் செயலாளர்.

பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில் அவருக்கு வேறு வழி இல்லை. நம்மவர் இறங்கி, வாசலில் கைகாட்டி, மரியாதையாக வழிவிட்டார். செயலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஒரு கால் வைத்தார். இரண்டாவது கால் தரையைத் தொட்டதும் மணி கட்டடமே அதிர அலறியது.

"சரியா இருக்கு" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. பேனா மட்டும் கொஞ்சம் குலுங்கியது.

மீதி இருந்தது மெஷின் ரூம். நம்மவர் படியில் ஏறினார். அன்றைக்குப் பையையும் தோளில் போட்டுக்கொண்டார். மொட்டை மாடியில் எல்லோரும் ஏணியைச் சுற்றி நின்றார்கள். முந்தைய நாட்களில், ஆள் நுழைகிற நாட்களிலேயே, பையை முதலில் மேலே தள்ளிவிட்டுத்தான் அவர் நுழைவார். இன்றைக்குத் தோளிலேயே இருந்தது. தலை போனது. தோள் போனது. இரும்புச் சட்டம் வயிற்றின் இரண்டு பக்கமும் சட்டையை மட்டும் லேசாக உரசியது. கால்கள் ஏணியை விட்டுக் கிளம்பி, சதுரத்துக்குள் போய், மறைந்தன.

உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. கயிறு நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்த் துணியை மடிக்காமல் போட்டிருந்தது தவிர. அவர் அதை எடுத்து மடித்தார். மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதில் சிக்கனம் காட்டவில்லை.

சூப்பர்வைசரும் மேலே போய்ச் சரிபார்க்கலாமே என்று ஆய்வாளர் கீழே சொல்வது கேட்டது. சூப்பர்வைசர் ஓட்டையை அண்ணாந்து பார்த்து, தன் வயிற்றைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

"அவன் பார்த்தா போதும் சார். நம்ம சீனியர் மெக்கானிக்" என்றார்.

அன்று சாயங்காலம் நடந்ததை எல்லாம் அவர் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். மணி அலறாத இடத்தை மூன்று தடவை. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். பிறகு யூனிஃபார்ம் பேண்டை வாங்கி, அளவு பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். உள்பக்கம் கை அகலத்துக்குத் துணி மிச்சமாகத் தொங்கியது.

அவள் யாருடைய துணியிலும் ஓரத்தை வெட்டமாட்டாள். எப்போது யாருக்கு என்ன வரும் என்று சொல்ல முடியாது, உள்ளே விட்டுத் தைத்தால் ஆபத்துக்கு உதவும் என்பாள். இப்போது கத்தரியை எடுத்தாள். தையலை ஒட்டி, ஒரே ஓட்டத்தில், மிச்சத்தை எல்லாம் வெட்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அவர் பதறிப்போனார். "முழுசா வெட்டிட்டியே. நாளைக்கு எனக்குத் திரும்ப வந்திடுச்சுன்னா?"

"வந்தா புதுத் துணி எடுக்கணும்" என்று பேண்டை உதறி அவரிடம் நீட்டினாள். "அது நம்ம திட்டத்துல இல்ல."